முதுகெலும்பு மூட்டுவாதமும் வலி தணிக்கும் வழிகளும்

(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, குனிந்து குனிந்து பால்மரம் வெட்டி, காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு மேடு பள்ளங்களைக் கடந்து வந்த தலைமுறையினர் நம்மிடையே இன்றும் உள்ளனர். பால்மரக் காடுகள் பல செம்பனைக் காடுகளாக மாறிவிட்டன. ஆயினும் முதுகின் சுமை குறைந்துவிடவில்லை. நீண்ட கழியை உயர்த்தி, அண்ணாந்து நோக்கிக் குலை வெட்டுவோரின் கழுத்தும், விழுந்த குலையைத் தூக்கி வண்டியிலேற்றுவோரின் இடுப்பும், நாள் முழுதும் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவோரின் முதுகும் படும் பாட்டை நாம் நன்கறிவோம்.

இவ்வாறு உழைத்தவர்களுள் பலர், ஐம்பது வயதைத் தாண்டியதும், "இடுப்பு பிடித்துக்கொண்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று பாயிலே படுத்துவிடுகின்றனர். வேறு சிலர், மூன்றே நாளில் வலியைப் போக்கிவிடும் என்று எவரோ விற்ற மாத்திரையை நம்பி உடலைக் கெடுத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டும் தவறான வழிகள். இவற்றுக்கு நடுவே பயன்தரக்கூடிய நல்வழிகள் பல உள்ளன. அவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதுகெலும்பில் நேர்வது என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என, அசையக்கூடிய 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் இருந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பின்புறத்தில் சிறு மூட்டுகள் இணை இணையாக அமைந்து, நாம் குனியவும் நிமிரவும் திரும்பவும் துணைபுரிகின்றன. எலும்புகளின் நடுவிலுள்ள குழாய் வழியே நரம்புத் தண்டு இறங்குகிறது.

வயது ஏற ஏற வட்டுகள் நீர்ப்பசை குறைந்து மெலிகின்றன. பின்புற மூட்டுகளைப் போர்த்தியுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்த இடத்தின் ஓரங்களில் எலும்பு முளைவிடுகிறது. இதுவே முதுகெலும்பின் தேய்மான மூட்டுவாதம். முதுமை, பரம்பரை, உடற்பருமன், பழைய காயங்கள், நெடுங்காலம் பாரம் தூக்கியமை ஆகிய யாவும் இதற்குக் காரணமாகக் கூடும்.

ஓர் உண்மையை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். எக்ஸ்ரே படத்தில் தேய்வு தெரிகிறது என்றதும் பலர் அஞ்சி நடுங்குகின்றனர். வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் வட்டுத் தேய்வு இருப்பதாகக் காட்டியது. தேய்வு என்பது தலைமுடி நரைப்பதைப் போன்றது. தேய்ந்த எலும்பைப் புதிதாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தேய்வு இருக்கும்போதே வலியைக் குறைத்து நடமாட இயலும். மருத்துவத்தின் குறிக்கோள் அதுவே.

எல்லா முதுகுவலியும் ஒன்றன்று

இளவயதினருக்கு வரும் வேறொரு வாதநோயும் உண்டு. நாற்பது வயதுக்கு முன்னரே தொடங்கி, விடியற்காலையில் முதுகு மரக்கட்டை போல இறுகி, அரை மணி நேரத்துக்கு மேல் அவ்வாறே இருந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்குமாயின், அது முதுகெலும்பை இறுகச் செய்யும் அழற்சி நோயாக இருக்கலாம். இந்நோய்க்குத் தனி மருத்துவம் உண்டு. காலந்தாழ்த்தினால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடும். ஆகவே இத்தகைய இளைஞர்களை, "சோம்பேறி, காலையில் எழ மாட்டான்" என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னும் சில அறிகுறிகள் அபாயமானவை. சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அதனை அடக்க இயலாமை, மலங்கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், இரு தொடைகளுக்கிடையே உணர்ச்சியின்மை, கால்கள் வலுவிழந்து துவளுதல் ஆகியவை காணப்பட்டால், நாளை என்று எண்ணாமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நரம்பு நசுங்கிவிட்டதற்கான அடையாளங்கள் இவை. முதுகுவலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவிலே தூங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், கீழே விழுந்தபின் தோன்றிய கடும் வலி ஆகியவையும் விரைந்து ஆராயப்பட வேண்டியவை. காசநோய் நுரையீரலை மட்டுமன்றி முதுகெலும்பையும் தாக்கும் என்பதை மறத்தலாகாது.

முதல் மருந்து அசைவு

இனி மருத்துவ வழிகளைக் காண்போம். நாட்பட்ட இடுப்புவலிக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், பிடித்துவிடுதல் போன்ற சில கைமுறை மருத்துவங்கள், மனத்துக்குத் தெம்பூட்டும் ஆலோசனை, அழற்சி தணிக்கும் மாத்திரைகள் ஆகியன அதில் ஏற்கப்பட்டுள்ளன. இடுப்புப் பட்டை, முதுகை இழுத்துக் கட்டும் முறை, அபின் வகையைச் சேர்ந்த வலிமாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அந்நூல் கூறுகிறது.

வலிக்கிற முதுகை அசைக்கலாமா என்று ஐயுறுவோர் பலர். வலி கடுமையாக உள்ள ஓரிரு நாள் ஓய்வு கொள்ளலாம். அதற்கு மேல் படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் மேலும் இறுகுகின்றன, வலி வளர்கிறது. ஆகவே நடைப்பயிற்சியே எளிய தொடக்கம். முதல் வாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, அரை மணி நேரம் வரை கொண்டு செல்லலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் இரண்டைக் கூறுவோம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். வயிற்றை மெல்ல உள்ளிழுத்து, இடுப்பின் பின்புறத்தைத் தரையோடு அழுத்தி, ஐந்து எண்ணும் வரை அப்படியே இருந்து பின் தளர்த்துங்கள். பத்து முறை இவ்வாறு செய்யலாம். அடுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் பற்றி மார்பை நோக்கி மெதுவாக இழுத்து விடுங்கள். பின் மற்றக் காலுக்கும் அவ்வாறே செய்யுங்கள். பயிற்சிக்குப்பின் சிறு நோவு தோன்றி மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வலி காலில் இறங்கினாலோ மறுநாளும் கூடியிருந்தாலோ நிறுத்திவிட்டு, இயன்முறை மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.

சிலருக்கு நடந்தால் கால்கள் வலித்து மரத்துப் போகும். உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ குறைந்துவிடும். நரம்புக் குழாய் குறுகியதன் விளைவு இது. இவர்களுக்கு நடப்பதைவிட மிதிவண்டி ஓட்டுவது எளிதாக இருக்கும். முன்னே சாய்ந்து அமர்வதால் நரம்புக்குச் சற்று இடம் கிடைக்கிறது.

சூடும் தைலமும்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 15 அல்லது 20 நிமிடம் ஒற்றடமிடுவது தசைப் பிடிப்பைத் தளர்த்தும். நீரிழிவு உடையவர்களுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். எனவே வீட்டார் ஒருவர் முதலில் தம் கையில் சூட்டைச் சோதித்துப் பார்த்தல் நலம்.

தைலம் தடவி இதமாக உருவிவிடுவதால் தீங்கில்லை. ஆனால் முதுகின்மேல் ஏறி மிதிக்கச் சொல்வதும், கழுத்தைச் சடக்கென்று திருப்பி ஒடிப்பதும் ஆபத்தானவை. எலும்பு வலுவிழந்த முதியோருக்கு இதனால் முறிவு நேரலாம். அக்குபஞ்சர் ஊசி முறையும் சிலருக்கு வலியைத் தணிக்கிறது. 2007ஆம் ஆண்டில் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் அமைக்கப்பட்டுள்ளன. நம்பத்தக்கவரைத் தேடுவோர் அங்கே கேட்டறியலாம்.

முதுகுவலிக்குப் பலகையிலோ வெறுந்தரையிலோ படுக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். மிகக் கடினமான மெத்தையைவிட, நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே நல்லது என 2003ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியுள்ளது.

மாத்திரைகளை அறிந்து உண்போம்

பாரசிட்டமால் நம் வீடுகளில் எல்லாம் உள்ள மாத்திரை. முதுகுவலிக்கு அதன் பயன் சிறிதே என்று ஆய்வுகள் கூறுகின்றன. உண்பவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் உண்ணலாகாது. மது அருந்தும் பழக்கமுள்ளோருக்கும் கல்லீரல் நோயுள்ளோருக்கும் அவ்வளவும் கூடாது. சம்சு குடித்துவிட்டு வலிக்கு மாத்திரை விழுங்குவது கல்லீரலுக்குச் செய்யும் இரட்டைக் கேடாகும்.

ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், நாப்ரோக்சென், மெஃபெனாமிக் அமிலம் ஆகியவை அழற்சி தணிக்கும் மாத்திரைகள். இவை பலருக்கு நல்ல பயன் தருகின்றன. ஆயினும் இவை மிட்டாய் அல்ல. இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாக்கக் கூடியவை. சிறுநீரகத்தைப் பழுதாக்கக் கூடியவை. இரத்த அழுத்தத்தை உயர்த்தி இதயத்துக்கும் தொல்லை தரக்கூடியவை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மிகுந்த நம் சமூகத்தில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு, உணவுக்குப்பின் உண்ண வேண்டும். இவ்வகையில் இரண்டை ஒருசேர உண்ணலாகாது. மலம் தார்போலக் கறுத்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடவும் களிம்பு முழங்கால் போன்ற, தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளுக்கு நன்கு உதவும். முதுகெலும்பு மூட்டுகளோ ஆழத்தில் உள்ளன. அங்கே அதன் பயன் குறைவு.

மூன்றே நாளில் குணமா?

இப்பொழுது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். நாம் கண்ட ஒரு தாயாரின் நிலையைக் கூறுவோம், பெயர் வேண்டுவதில்லை. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இடுப்புவலி தாளாமல், இரவுச் சந்தையில் விற்ற மூலிகை மாத்திரையை வாங்கி உண்டார். மூன்றாம் நாளே வலி பறந்தது. பசி எடுத்தது, உடல் தெம்பாக இருந்தது. அண்டை வீட்டாரும் அவரைப் பார்த்து வாங்கினர். மாதங்கள் சென்றன. முகம் நிலவுபோல உருண்டது; கைகால்கள் மெலிந்தன; தோல் தொட்டால் கன்றியது; நீரிழிவு தோன்றியது. ஒருநாள் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தார். முதுகெலும்பு ஒன்று நொறுங்கி அமர்ந்தது. முதுகைக் காக்க உண்ட மாத்திரையே முதுகை முறித்தது.

அந்த மாத்திரையில் இருந்தது மூலிகையின் ஆற்றல் அன்று. மறைவாகக் கலக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து. இம்மருந்தின் வரலாறு படிப்பினை மிக்கது. 1948ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், கடும் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணொருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தைச் செலுத்தினார். சில நாள்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. 1950இல் ஹெஞ்சுக்கும் அவருடன் இருவருக்கும் நோபல் பரிசு கிட்டியது. ஆனால் நெடுநாள் கொடுத்தபோது எலும்பு உளுத்தல், நீரிழிவு, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுதல் ஆகிய தீங்குகள் வெளிப்பட்டன. அதனால்தான் மருத்துவர்கள் இதனை அளவறிந்து, காலமறிந்து, கண்காணித்துக் கொடுக்கின்றனர். அதே மருந்தை அளவு தெரியாமல், பெயர் தெரியாமல் நாள்தோறும் உண்பதன் கேட்டை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்கீழ் மருந்துகள் பதிவு செய்யப்பட வேண்டும். பாரம்பரிய மருந்துகளின் பதிவு 1992இல் தொடங்கியது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'எம் ஏ எல்' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். அவ்வெண் இல்லாததை வாங்காதீர்கள். எண்ணைப் போலியாக அச்சிடுவோரும் உள்ளமையால், மூன்று நாளில் அற்புதம் நிகழ்த்தும் எந்த மாத்திரையையும் ஐயத்தோடு நோக்குங்கள்.

இத்தகைய மாத்திரையை ஏற்கெனவே உண்டு வருவோருக்கு ஒரு சொல்: அச்சங்கொண்டு திடீரென நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு உண்ட உடல், தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை விட்டுவிடுகிறது. திடீரென நிறுத்தினால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். உறையோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எவரும் ஏசுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். நாம் கூறிய தாயாரும் அவ்வாறே மெல்ல மெல்ல அம்மருந்திலிருந்து விடுவிக்கப்பட்டு, எலும்புக்கு வலுவூட்டும் மருத்துவம் பெற்று, இன்று கைத்தடியூன்றிக் கோயில் வரை நடந்து வருகிறார்.

ஊசியும் அறுவையும்

பயிற்சியாலும் மாத்திரையாலும் தணியாத வலிக்கு நிபுணர்கள் வேறு வழிகளை ஆராய்வர். நரம்பு நசுங்குவதால் காலில் இறங்கும் வலிக்கு, முதுகெலும்புக் குழாயை ஒட்டி மருந்து செலுத்தும் ஊசி, சில வாரங்களுக்கு நிவாரணம் தரலாம், அது நிலையானதன்று. சிறு மூட்டுகளிலிருந்து வலியைக் கொண்டு செல்லும் நுண்நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் முறையும், தேர்ந்தெடுத்த சிலருக்குப் பயன்படுகிறது.

அறுவை மருத்துவம் எல்லாருக்கும் உரியதன்று. கால் வலுவிழந்து வருவோருக்கும், நரம்புக் குழாய் குறுகி நடை தடைப்பட்டோருக்கும் அது நன்மை செய்கிறது. முதுகில் மட்டும் வலி, காலில் யாதொரு குறையுமில்லை என்போருக்கு அறுவையால் வரும் பயன் உறுதியற்றது. செய்து கொள்வதற்குமுன், எதற்காகச் செய்கிறீர்கள், எந்த வலி குறையும், செய்யாவிடில் என்ன நேரும் என்னும் மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வேலையும் உரிமையும்

பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பை முறுக்கித் திரும்பாமல், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். பெரிய குலையை இருவர் சேர்ந்து தூக்குவது இழுக்காகாது. உடல் எடை மிகாமல் காப்பதும் புகைபிடிப்பதை விடுவதும் முதுகுக்குச் செய்யும் உதவியே.

வேலையிடத்தில் வழுக்கி விழுந்தாலோ முதுகில் காயமுற்றாலோ, "இது சிறிய அடி" என்று மறைத்துவிடாமல் அன்றைக்கே நிருவாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோ உதவி பெறுவதற்கு அப்பதிவு துணையாகும். காயமுற்றோர் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தைச் சொக்சோ 2007இல் தொடங்கியது. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் நாட்டின் குடிமக்கள் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். இரவுச் சந்தையில் ஒரு புட்டி மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தை எண்ணும்போது, எது மலிவு என்பதை நீங்களே உணர்வீர்கள்.

தோழர்களே! தேய்ந்த எலும்பைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் தேய்ந்த முதுகோடும் நடக்கலாம், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலாம், வீட்டுக் கொல்லையில் கீரை விதைக்கலாம். அதற்கு வேண்டுவன நாள்தோறும் சிறிது அசைவும், அறிந்து உண்ணும் மருந்தும், காலத்தே நாடும் மருத்துவ உதவியுமே. இன்று வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்தில் உறையில்லாத, பெயரில்லாத வலி மாத்திரை ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதனை நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். பாயில் படுத்துவிட்ட பெரியவர் எவரேனும் இருந்தால், கைகொடுத்து எழுப்பி, வாசல் வரையேனும் நடக்கச் செய்யுங்கள்.